பதினெட்டு ஸ்க்ரூ

ராக்கம்மாளின் இடது கால் படகின் தரையில் இரண்டு விரற்கடை அமுங்கி மறுபடி மேலே வந்தது. படகு கவிழவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ராக்கம்மாளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் அள்ளி வைத்திருந்த ஆகாயத்தாமரைக் கட்டை அப்படியே குளத்தில் போட்டுவிட்டு, கரையில் நின்ற நாற்பது பேருக்கும் கேட்கும்படி, "ஏனுங்க, இது படகுங்களா, பஞ்சு மெத்தைங்களா?" என்று கேட்டாள். கரை முழுக்கச் சிரித்தது.

சிரிக்காமல் நின்றவர் பொங்கியண்ணன் ஒருவர்தான்.

மங்கலத்திலிருந்து சோமனூர் போகிற வழியில் இருக்கிறது கருமாங்குளம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊரார் கூடிக் குளத்தைத் தூர்வாரி, கமிட்டி ஒன்று போட்டபோது, கொச்சியிலிருந்து பதினாறடி ஃபைபர் படகு ஒன்றை லாரியில் வரவழைத்து, தேங்காய் உடைத்துத் தண்ணீரில் இறக்கிக் கொடுத்தது பொங்கியண்ணன் குடும்பம். காலஞ்சென்ற தகப்பனார் சென்னியப்பன் நினைவாகக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆகாயத்தாமரை அள்ளுவதும், பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கும் நோன்பு நாளில் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குளத்தைச் சுற்றி வருவதும் அந்தப் படகில்தான். அதை யாரும் படகு என்று மட்டும் சொல்வதில்லை. 'சென்னியப்பன் படகு' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் பொங்கியண்ணனுக்குத் தோள் ஒரு அங்குலம் உயரும்.

எழுபத்திரண்டு வயதிலும் அவர் முதுகு வளைந்ததில்லை. நாற்பது வருஷம் பனியன் கம்பெனி நடத்தியவர். அனுப்பிய சரக்கில் ஒரு பெட்டிகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்பது குடும்பத்தின் பெருமை. அப்படிப்பட்ட குடும்பம் ஊருக்குக் கொடுத்த பொருள் காலடியில் அமுங்குகிறது என்றால், அந்தச் சிரிப்பு ராக்கம்மாளின் காலைப் பார்த்துச் சிரித்ததல்ல என்பது அவருக்குத் தெரியும்.

கமிட்டித் தலைவர் செம்பண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். இருவருடைய அப்பாக்களும் கூடப் பிறந்தவர்கள். பங்காளிகளுக்குள் பகை ஒன்றும் கிடையாது. பகை இல்லாத இடத்தில்தான் போட்டி நன்றாக வளரும்.

"அண்ணா, சங்கடப்படாதீங்க. வயசானா எல்லாத்துக்கும் அடி தளரும். பூப்பறிக்கற நோன்புக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்குது. நான் புதுசா ஒரு படகுக்குச் சொல்லி வெக்கறனுங்க. என்ற அப்பன் பேரும் ஒண்ணு குளத்துல ஓடட்டுமே."

பொங்கியண்ணனுக்குச் சுருக்கென்றது. அந்தச் சூட்டில், யோசிக்காமல், துடுப்போடு நின்ற ராபினைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"படகு நல்ல படகுதான். வாரத்துக்கு வாரம் கல்லு மேல தரதரன்னு இழுத்துப் போட்டா எந்த அடிதான் தாங்கும்? கடல்ல ஓட்டுன பழக்கத்துல குளத்துல ஓட்டுனா இப்படித்தான்."

ராபின் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். நாற்பதைத் தொட்ட வயது. பன்னிரண்டு வருஷமாகத் திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பார்க்காவிட்டால் தலை வலிக்கும் என்பதற்காகவே அந்தப் படகை ஆறு வருஷமாக ஓட்டி வந்தவன். அவன் துடுப்பைக் கரையில் சாத்தினான். மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்து விட்டான். "சரி, வாரேங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் குளத்துப் பக்கம் வரவில்லை.

படகை டிராக்டரில் ஏற்றி, வீட்டுக்குப் பின்னாலிருந்த பழைய குடோனில் கொண்டுவந்து வைத்தார்கள். மகன் முகிலன் செல்போனைக் கீழே இறக்காமலே, "புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தர்லாங்கப்பா" என்றான்.

"புதுசு வாங்குனா பழசு சொத்தைன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி. இதே படகு, இதே நோன்புக்கு, தண்ணில எறங்கணும்."

கொச்சியில் படகு விற்றவனுடைய கடை இப்போது இல்லை. சாயப்பட்டறைத் தொட்டிகளுக்கு ஃபைபர் பூசுகிற ஆள் ஒருவர் வந்து பார்த்தார். தரையைக் கட்டைவிரலால் அமுக்கினார். "மேல அலுமினியத் தகடு போட்டு அடிச்சுட்டா ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். அவர் போன பிறகு பொங்கியண்ணனின் மனைவி கண்ணம்மாள் சொன்னாள்: "சோறு வெந்துதா வேகலையான்னு பாக்காம மூடி போட்டு வெக்கறானே. ஏனுங்க, அந்த ராபினையே கூப்பிடுங்க. அவங்க அப்பன் ஊர்ல ஃபைபர் வள்ளம் கட்டறவராம். ராக்கம்மா சொன்னா."

"அவனப் போயி நான் கூப்புடறதா?"

"அவன் வரமாட்டான். நீங்கதான் போகோணும்."

போனார். ராபின் குடியிருந்த லைன் வீட்டில் எட்டு வாசல்கள் வரிசையாக இருந்தன. அத்தனை வாசலிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ராபினின் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பொங்கியண்ணன் முதுகு சாயாமல் நுனியில் உட்கார்ந்தார். ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் குளித்து வந்திருந்தான் ராபின்.

"தம்பி, படகை வந்து சரி பண்ணித் தரோணும்."

"பண்ணலாங்கய்யா. ஆனா தரையைத் தொறக்கும்போது நீங்க பக்கத்துல நிக்கணும்."

"எதுக்கு?"

"நான் கல்லுல இழுத்ததாலதான் கெட்டுப்போச்சுன்னு நாப்பது பேருக்கு முன்னால சொன்னிய. இழுத்துக் கெட்டிருந்தா ஈரம் அடியில இருந்து மேல ஏறி இருக்கும். மேல இருந்து எறங்கி இருந்தா அது என் கைவேலை இல்ல. தொறந்தா தெரிஞ்சிரும். அடியில இருந்துன்னா, கமிட்டி முன்னால நான் வந்து மன்னிப்புக் கேக்கேன்."

"மேல இருந்துன்னா?"

ராபின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "அத நீங்கதான் சொல்லணும்."

எட்டு வாசலும் கேட்டுக்கொண்டிருந்தன. பொங்கியண்ணன் எழுந்தார். "மேல இருந்துன்னா, எந்த எடத்துல சொன்னனோ அதே எடத்துல சொன்ன சொல்லத் திருப்பி எடுத்துக்கறேன். இது சென்னியப்பன் மகன் வாக்கு." வாக்குக் கொடுத்தபோது அவருக்குத் துளி பயமில்லை. தன் பக்கம் நியாயம் இருப்பதில் அவருக்கு எப்போதுமே சந்தேகம் வந்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் ராபின் வந்தான். ஒரு ஸ்பேனரை எடுத்துப் படகுத் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனான். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று சத்தம் கணீரென்று வந்தது. சில இடங்களில் 'தொப் தொப்' என்றது.

"தேங்காய் தட்டற மாதிரியே இருக்குது. அந்த எடத்துல அழுகல்" என்றாள் கண்ணம்மாள். அவள் பிறந்த ஊர் காங்கேயம். தேங்காய் விஷயத்தில் அவள் காது தப்பாது.

"அதேதாங்கம்மா." ராபின் கட்டிங் டேபிளில் கிடந்த டெய்லர் சாக்பீஸை வாங்கி, தொப்பென்ற இடங்களைச் சுற்றி வட்டம் போட்டான். மூன்று வட்டங்கள் வந்தன. ஏறுகிற முன்பக்கத்தில் ஒன்று, நட்டநடுவில் ஒன்று, ஓட்டுகிறவன் உட்காரும் பின்பலகைக்கு முன்னால் ஒன்று.

பொங்கியண்ணன் அந்த மூன்று வட்டங்களையும் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம் போல இருந்தது. ஆனால் பிடிபடவில்லை.

"தரை ஒத்தைத் தகடு கெடையாதுங்கய்யா. மேல ஒரு ஃபைபர், கீழ ஒரு ஃபைபர், நடுவுல பிளைவுட்."

"காலருக்குள்ள கேன்வாஸ் வெச்சுத் தெக்கற மாதிரி."

"அதான். கேன்வாஸ் நஞ்சுபோனா காலர் நிக்குமா? இங்க பிளைவுட்டு நஞ்சுபோச்சு. மேல் ஃபைபர் நல்லாத்தான் இருக்கு. அடியில ஒண்ணுமில்லாம மெதக்கு."

அவன் முதல் வட்டத்தைச் சுற்றி கிரைண்டரால் அறுத்து, மேல்தகட்டைத் தோசையைத் திருப்புகிற மாதிரி நெம்பி எடுத்தான். உள்ளேயிருந்து ஊறின வாசம் வந்தது. ஒரு காலத்தில் பிளைவுட்டாக இருந்தது இப்போது ஈரப் புண்ணாக்கு மாதிரி கரண்டியில் அள்ள வந்தது. அள்ளி அள்ளிப் போட்டான். கீழ்த்தகடு தெரிந்ததும் டார்ச் அடித்தான்.

"கையை வெச்சுப் பாருங்க."

பொங்கியண்ணன் குனிந்து உள்ளங்கையை வைத்தார். கீழ்த்தகடு வழவழவென்றிருந்தது. ஒரு கீறல் இல்லை. ராபின் படகுக்கு அடியில் படுத்து, வெளிப்பக்கம் கல் உரசிய கோடுகளைக் காட்டினான். நகத்தால் சுரண்டினால் நகம் நிற்காத மேலோட்டமான கோடுகள் அவை.

பிறகு அவன் அறுத்தெடுத்த மேல்தகட்டைத் திருப்பிப் பிடித்தான். அதன் முதுகில் நான்கு கருத்த வளையங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினான். மாவாக உதிர்ந்தது.

"சுவத்துக்கு அடிக்கிற பட்டி. ஸ்க்ரூ எடுத்த ஓட்டையில யாரோ பட்டி வெச்சு அடைச்சிருக்காவ. பட்டி தண்ணியக் குடிக்கும்லா."

இப்போது பொங்கியண்ணனுக்கு அந்த மூன்று வட்டங்களின் முகமும் தெரிந்தது.

படகு வந்த அன்றே, 'அமரர் சென்னியப்பன் நினைவாக அன்னாரது குடும்பத்தார் உபயம்' என்று பித்தளைப் பலகை ஒன்று வெட்டி வாங்கியிருந்தார். பக்கவாட்டில் வளைவு இருந்ததால் பலகை படிந்து உட்காரவில்லை. தரையில் வைத்தால் ஏறுகிறவர் எல்லோரும் தலை தாழ்த்திப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும் என்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. கம்பெனி ஃபிட்டரை விட்டு நான்கு ஸ்க்ரூ முடுக்கினார். இரண்டாம் வருஷம் ஒரு கல்லூரிப் பையன் செருப்புக் காலோடு சென்னியப்பன் மேல் நின்று செல்ஃபி எடுத்தான். அன்று சாயங்காலமே பலகையைக் கழற்றி நடுவில் மாற்றினார். கூடவே முகிலனுக்கு ஏற்றுமதி விருது கிடைத்திருந்ததால் அதையும் சேர்த்துப் பெரிய பலகையாக வெட்டி, ஆறு ஸ்க்ரூ முடுக்கினார். நடுவிலும் பெண்கள் டிபன் கேரியரை இறக்கி வைத்தார்கள். நாலாம் வருஷம், யார் காலும் படாத பின்பக்கத்துக்குப் போனது பலகை. அப்பாவின் படமும் சேர்ந்ததால் அகலம் கூடி, ஸ்க்ரூ எட்டாயிற்று. பழைய ஓட்டைகளைப் பட்டி வைத்து வழித்தது அவரே. படகை வெள்ளிக்கிழமைதோறும் நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று கட்டளை போட்டதும் அவரே. அப்பா பெயர் பளபளவென்று இருக்க வேண்டுமே.

ராபின் மற்ற இரண்டு வட்டங்களையும் அறுத்தான். நடுவில் ஆறு கருவளையம். பின்னால் பெயர்ப் பலகையைக் கழற்றியபோது எட்டு ஸ்க்ரூவில் மூன்று துருப்பிடித்து அவன் கையோடு வந்தன. அவன் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. பொங்கியண்ணன்தான் மனதுக்குள் கூட்டினார். பதினெட்டு.

கல்லில் இழுத்ததால் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுடைய பெயரைச் சொல்லிச் சொல்லி அவரே பதினெட்டு இடத்தில் ஓட்டை போட்டிருக்கிறார்.

"ஏனுங்க, பாத்தீங்களா?" என்றாள் கண்ணம்மாள்.

"பாத்தேன்."

ராபின் அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான்: "மூணு நாள் காயட்டும். ஈரத்துல ரெசின் பசை புடிக்காது."

பெடஸ்டல் ஃபேன் இரண்டும், போட்டோ எடுக்க வைத்திருந்த ஹாலோஜன் விளக்கு இரண்டும் அந்தக் குழிகளைப் பார்த்து மூன்று நாள் ஓடின. மார்கழிப் பனி உள்ளே வராமல் பாலிதீன் கட்டினார்கள். முகிலன் சைனாக்காரன் பஞ்சு, பங்களாதேஷ்காரன் விலை என்று பேசிக்கொண்டே போய்வந்தான். "என்னாச்சுங்கப்பா, எதனால கெட்டுதாம்?" என்று ஒரு நாள் கேட்டான். "ஈரம்" என்றார். பொய் சொல்லவில்லை. முழு உண்மையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தார்: 'காலப்போக்கில் மேற்புறமாக ஈரம் இறங்கியதாகத் தெரியவந்துள்ளது.' நன்றாகத்தான் இருந்தது. ஆளே இல்லாத வாக்கியம். நோன்பு முடிந்து, பெண்டு பிள்ளைகளெல்லாம் போன பிறகு, கமிட்டிக்காரர் நாலு பேரிடம் அதைச் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் ராபின் புது பிளைவுட் வெட்டி வந்தான். தண்ணீருக்கென்றே வரும் பலகை அது. அதற்கு நாலு பக்கமும், விளிம்பு உள்பட, ரெசின் பூசிக் காயவைத்தான். கீழ்த்தகட்டில் ரெசினைக் களிபோலக் குழைத்து அப்பி, பலகையை அதில் உட்காரவைத்து, மேலே நூல் கோன் பெட்டிகளை அடுக்கிப் பாரம் ஏற்றினான். மறுநாள் விளிம்புகளைச் சரிவாக இழைத்து, மேல்தகட்டை வைத்து, அதன்மேல் ஒட்ட வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடி நார்ப் பாய்களை எடுத்தான். மேட் என்றான் அதை.

பொங்கியண்ணன் ஒரு துண்டை எடுத்து விரலிடுக்கில் உரசினார். துணியின் கனம் கேட்கிற நாற்பது வருஷப் பழக்கம். "இது எத்தனை ஜி.எஸ்.எம்?"

ராபின் நிமிர்ந்து பார்த்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஐயா சரியான கேள்வி ஒன்று கேட்டிருக்கிறார். "நானூத்தம்பது."

"எங்க பனியன் நூத்தெண்பது."

"பனியனைப் போட்டுக்கிட்டுத் தண்ணில குதிக்கலாம். ஏறி உக்கார முடியாதுல்லா."

கண்ணம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். பொங்கியண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் தோள் குலுங்கியதை மறைக்க முடியவில்லை.

அன்று ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை அளந்து ஊற்றுகிற வேலையை அவர் வாங்கிக்கொண்டார். சாயத்துக்குச் சொட்டு அளந்த கை. முதல் மக் ரெசினுக்கு ஒரு மூடி போதும் என்றான் ராபின். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவர் இரண்டு மூடி ஊற்றினார். ஐந்து நிமிஷத்தில் மக்கு கொதித்துப் புகைந்து, உள்ளே குச்சியோடு கல்லாகிவிட்டது.

"உங்க அவசரம் அதுக்கும் தெரிஞ்சு போச்சு" என்றாள் கண்ணம்மாள்.

இரண்டாவது மக்கிலிருந்து மூடி கணக்குத் தப்பவில்லை. ராபின் மேட் விரித்து ரெசின் பூச, அவர் ரோலர் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியே தள்ளினார். வெள்ளை மேட் ரெசின் குடித்துக் கண்ணாடியாக மாறுவதைப் பார்க்க அவருக்கு அலுக்கவே இல்லை. ராத்திரி முழங்கை வரை நமைச்சல் எடுத்தது. கண்ணாடி நார் தோலில் ஏறியிருந்தது. கண்ணம்மாள் செலோடேப் ஒட்டி ஒட்டிப் பிய்த்தெடுத்தாள்.

"அவங்கிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"எத?"

அவள் டேப்பைக் கொஞ்சம் வேகமாகவே பிய்த்தாள்.

நோன்பன்று காலை குளத்துக்கரையில் இருநூறு பேர் இருந்தார்கள். ஆவாரம்பூவும் கூடையுமாகப் பெண்பிள்ளைகள், கட்டுச்சோற்று வாசம், கும்மிப் பாட்டு. படகு தண்ணீரில் மிதந்தது. மூன்று இடங்களும் மணல் தூவி வண்ணம் பூசியதில் எங்கே என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. செம்பண்ணன் தானே ஏறி, மூன்று இடத்திலும் குதித்துப் பார்த்தார். தரை இரும்பாக நின்றது.

"அண்ணா, ஒத்துக்கறேன். என்ற படகு அடுத்த வருசம் வரட்டும்."

பொங்கியண்ணனின் தோள் உயர்ந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது போலவே இருந்தது. ராபின் துடுப்போடு ஓரமாக நின்றான். அவரைப் பார்க்கவுமில்லை, பார்க்காமல் இருக்கவுமில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார் அவர். நல்ல நாளும் அதுவுமாகக் காலையிலேயே எதற்கு.

அப்போதுதான் முகிலனின் கார் வந்து நின்றது. முகிலன் செல்போன் இல்லாமல் இறங்கினான். அதுவே அதிசயம். அவன் கையில் சிவப்புப் பட்டுத்துணி சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. பின்னாலேயே கம்பெனி ஃபிட்டர் டிரில்லிங் மெஷினோடு வந்தான்.

"அப்பா, உங்களுக்குச் சொல்லாமயே செஞ்சுட்டனுங்க." பட்டுத்துணியை விலக்கினான். இரண்டடிக்கு ஒன்றரையடி ஸ்டீல் பலகை. மேலே சென்னியப்பன் படம், கீழே பொங்கியண்ணன் படம். நடுவில்: 'புனரமைப்பு உபயம்'. கரை கைதட்டியது. "நாலு மூலையிலயும், பக்கத்துக்கு ரெண்டும்னு பன்னெண்டு ஸ்க்ரூ. இந்தத் தடவ ஆடவே ஆடாது." ஃபிட்டர் சட்டென்று படகில் இறங்கினான். நட்டநடுவில், புதுப் பூச்சின் மேல், டிரில்லிங் மெஷினின் முனையை வைத்தான்.

ராபின் ஒரு அடி எடுத்து வைத்தான், நின்றுவிட்டான். தடுக்க வேண்டியவர் தான் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

மெஷின் ஒரு முறை உறுமியது.

"நிறுத்து" என்றார் பொங்கியண்ணன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரே படகில் இறங்கினார். ஃபிட்டரின் கைக்குக் கீழே, டிரில் முனைக்கும் தரைக்கும் நடுவில், தன் வலது காலை வைத்தார். ஃபிட்டர் பயந்து மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"என்னங்கப்பா?"

அந்த ஆளில்லாத வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தது. 'காலப்போக்கில்...' என்று ஆரம்பித்தார். டிரில்லிங் மெஷின் ஏந்திய ஒருவனிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவனுக்கு ஒன்றும் புரியப் போவதில்லை. தள்ளிவிட்டு மறுபடி ஓட்டை போடுவான்.

"இதுல ஓட்டை போட்டா மறுபடி அழுகும். முன்னாலயும் அப்படித்தான் அழுகுச்சு. மூணு எடத்துல அப்பன் பேர்ப் பலகைய முடுக்குனேன். பதினெட்டு ஸ்க்ரூ. ஒவ்வொரு ஸ்க்ரூ வழியாவும் தண்ணி எறங்கி உள்ள இருந்த பிளைவுட்டத் தின்னு போடுச்சு. ஓட்டையில பட்டி வெச்சதும் நான்தான். கழுவச் சொன்னதும் நான்தான்."

கும்மிப் பாட்டு நின்றுவிட்டது. கடைசியில் பாடிக்கொண்டிருந்த இரண்டு சின்னப் பிள்ளைகளும் யாரோ அதட்ட நிறுத்தின.

"அப்ப கல்லுல இழுத்தது?" செம்பண்ணன் மெல்லக் கேட்டார். கேட்டே தீர வேண்டியதைக் கேட்கிற சுகம் அவர் குரலில் இருந்தது.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அடியில ஒரு கீறல் கெடையாது. என்ற கையால தடவிப் பாத்தேன்." பொங்கியண்ணன் கரையிலிருந்த ராபின் பக்கம் திரும்பினார். முதுகு நேராகத்தான் இருந்தது. குரல்தான் கொஞ்சம் இறங்கியது. "தம்பி, அன்னைக்கு இதே எடத்துல உம்மேல ஒரு சொல்லப் போட்டேன். அது எங்க ஊட்டுத் தப்பு. அந்தச் சொல்ல நான் எடுத்துக்கறேன். எட்டு நாளாத் தெரிஞ்சும் சொல்லல. அதுவும் என்ற தப்பு."

ராபின் சுற்றிலும் பார்த்தான்.

"அன்னைக்கு நாப்பது பேருதான் நின்னாவ. இன்னைக்கு எரநூறு பேரு நிக்காவ. கொஞ்சம் கூடிப்போச்சுங்கய்யா."

முதலில் சிரித்தவள் ராக்கம்மாள். "மெத்தையில கால் வெச்சவ நானு. எனக்கு யாரு மன்னிப்புக் கேக்கறது?" என்று அவள் கேட்கவும் கரை முழுக்கச் சிரித்தது. பொங்கியண்ணன் அந்தச் சிரிப்பைக் காதுகொடுத்துக் கேட்டார். பதினைந்து நாளுக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்புதான். இன்றைக்கு ஏனோ வலிக்கவில்லை.

முகிலன் பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவனைப் போல நின்றான். கண்ணம்மாள் அதை வாங்கி, அதன்மேல் கட்டுச்சோற்றுப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். "சூடு தாங்கும். நல்ல ஸ்டீலு" என்றாள். பொங்கியண்ணன் பார்த்தார், பிறகு பிள்ளைகளை ஏறச் சொல்லிக் கையசைத்தார்.

பிள்ளைகள் பத்துப் பத்துப் பேராக ஏறினார்கள். ராபின் துடுப்பை எடுத்தான். படகு கரையை விட்டு நகரும்போது செம்பண்ணன் தண்ணீர் ஓரம் வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஒரு சந்தேகம். அடுத்த வருசம் நம்ம படகு வருதல்ல. அப்ப அப்பன் பேர எங்கதான் போடறது?" என்று கேட்டார்.

"வெளிப்பக்கம் பெயிண்டுல எழுதிருங்க. எங்கூருல ஆயிரம் வள்ளம் நிக்கி. எல்லாத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்கும். தூரத்துல வரும்போதே படிக்கலாம்லா."

பொங்கியண்ணனும் படகில்தான் உட்கார்ந்திருந்தார். படகு தாமரை இலைகளைத் தாண்டி நடுக்குளத்துக்கு வந்த பிறகு கேட்டார்:

"இதை ஆறு வருசத்துல ஒரு நாள் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

ராபின் துடுப்பை ஓங்கி வலித்தான். "கேட்டியளா நீங்க?"

"கேக்கல" என்றார் பொங்கியண்ணன். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு இடம் விட்டு நகர்ந்து, ராபினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "வெள்ளப் பெயிண்டா, நீலமா? எது நல்லாத் தெரியும்?"